பிரான்சின் செயின்ட் மாலோவுக்கு இரண்டு நாள் போதுமா? கடற்கரையில் என்ன பார்க்கலாம்?

போதும். ஆனால் ஹோட்டல் பதிவு செய்வதற்கு முன்னால் கடல் ஏற்றஇறக்க அட்டவணையைப் பாருங்கள். அட்லாண்டிக்கின் கிளையான ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் இந்த ஊரில், பெரிய ஓதங்களின்போது கடல் மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நம் மெரினாவில் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான்!

தண்ணீர் வடிந்ததும் கிராண்ட் பே என்ற தீவுக்கு நடந்தே போகலாம். எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் கல்லறை அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஆனால் நீர் திரும்ப ஏறத் தொடங்கினால் உடனே கிளம்பிவிட வேண்டும். பாதை மூழ்கினால் அடுத்த இறக்கம் வரை பல மணி நேரம் தீவிலேயே காவல்தான். 1689-இல் கட்டத் தொடங்கிய நேஷனல் கோட்டைக்கும் இதே கதை.

பழைய ஊரைச் சுற்றியுள்ள கோட்டை மதில்மேல் முழுச் சுற்று நடங்கள், இலவசம். உள்ளே தெரியும் 'பழைய' வீடுகளில் பெரும்பாலானவை 1944 போரில் அழிந்தபின் திரும்பக் கட்டியவை, சொன்னால்தான் தெரியும்.

அப்புறம் நமக்கு ஒரு சங்கதி. 1746-இல் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த லபூர்தொனே பிறந்த ஊர் இதுதான்.

இரண்டாம் நாள் கிழக்கே கான்கால் போங்கள். சிப்பி சாப்பிடுவோருக்கு அங்கே கடலோரத்திலேயே உடைத்து எலுமிச்சையோடு தருவார்கள். சாப்பிடாதவர்களுக்கு பக்வீட் மாவில் சுடும் 'கலெத்' இருக்கிறது, பார்க்க நம் தோசைக்குத் தம்பி மாதிரி. செயின்ட் மாலோவுக்குப் பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து நேரடி அதிவேக ரயில் உண்டு.