ஐந்து மணி நேரத் தூக்கம் போதுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. பல வருடங்களாக இரவு ஒரு மணிக்குப் படுத்து, காலை ஆறு மணிக்கு எழுகிறேன். ஐந்து மணி நேரத் தூக்கம் எனக்குப் பழகிவிட்டது. விடுமுறை நாளில் மட்டும் பத்து மணி வரை தூங்குவேன். சமீபத்திய பரிசோதனையில் ரத்த அழுத்தம் 138/88, மூன்று மாத சராசரி சர்க்கரை 6.0 என்று வந்தது. சாப்பாட்டில் கவனமாக இருக்கிறேன், தினமும் நடக்கிறேன். தூக்கக் குறைவும் இதற்குக் காரணமாக இருக்குமா? நான் பலமாகக் குறட்டை விடுவதாக மனைவி சொல்கிறார்.

பதில்: இருக்கலாம். அது மட்டுமே காரணம் என்று உங்களை நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன். பரம்பரை, எடை, உப்பு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் சாப்பாட்டையும் நடையையும் கவனித்த பிறகும் இந்த எண்கள் ஏறி நின்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது தூக்கத்தைத்தான்.

நன்றாகத் தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதயமும் ரத்தக் குழாய்களும் இளைப்பாறுவது அப்போதுதான். தூக்கத்தைச் சுருக்கினால் அந்த ஓய்வு நேரமும் சுருங்குகிறது. சர்க்கரை விஷயமும் இப்படித்தான். சில நாள் தொடர்ந்து குறைவாகத் தூங்கினாலே, இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணிவதில்லை. கூடவே பசியும் கூடும்.

"பழகிவிட்டது" என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமானவர்களை 14 நாட்களுக்கு இரவில் நான்கு அல்லது ஆறு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். நாளாக ஆக அவர்களின் கவனம் சரிந்துகொண்டே போனது. கடைசியில், ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கோ, தங்களுக்குத் தூக்கக் கலக்கம் கொஞ்சம்தான் என்ற நினைப்பு! களைப்பு தெரியாததால் உடல் சமாளித்துக்கொண்டது என்று ஆகிவிடாது. விடுமுறை நாளில் பத்து மணி வரை எழ முடியவில்லை என்பதே, மற்ற நாட்களில் தூக்கம் போதவில்லை என்று காட்டுகிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். மிகச் சிலருக்குப் பிறவியிலேயே குறைந்த தூக்கம் போதும். அவர்கள் விடுமுறையிலும் சேர்த்துத் தூங்குவதில்லை.

அப்புறம், குறட்டை. இதை லேசாக விடாதீர்கள். தூக்கத்தில் இடையிடையே உங்கள் மூச்சு நின்று, பிறகு திணறி வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். அப்படியிருந்தால் அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கக்கூடும். தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை அடைபடும், ஆக்சிஜன் குறையும், மூளை திடுக்கிட்டு எழுப்பிவிடும். ஓர் இரவில் பல முறை இப்படி நடந்தாலும் காலையில் எதுவும் நினைவிருக்காது. ரத்த அழுத்தம் ஏறுவதற்கு இது தெரிந்த காரணங்களில் ஒன்று. காலையில் தலைவலி, வாய் வறட்சி, வண்டி ஓட்டும்போது கண் சொருகுவது ஆகியவை இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து, தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அதுவரை தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். சில மாத்திரைகளும் மதுவும் இந்த மூச்சடைப்பை இன்னும் மோசமாக்கும்.

சரி, தூக்கத்தை எப்படிக் கூட்டுவது? நாளை இரவே பத்தரைக்குப் படுத்தால் புரண்டுகொண்டுதான் இருப்பீர்கள். எழும் நேரத்தை ஆறு மணி என்றே வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதிக்க வேண்டாம். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆனாலும் காஃபீனில் பாதி உடலில்தான் இருக்கும். படுத்து வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது இப்படித் தூக்கமின்றித் தவித்து, அது மூன்று மாதம் நீடித்தால், அதற்கென்றே உள்ள நடத்தை சிகிச்சையை மருத்துவரிடம் கேளுங்கள். அதில் மாத்திரை இல்லை.

சர்க்கரைப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். வீட்டில் காலையும் மாலையும் ஒரு வாரம் பார்த்துக் குறித்து, குறட்டையைப் பற்றிப் பேசப் போகும்போதே அந்தக் குறிப்பையும் மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தால் மனைவியையும் அழைத்துப் போங்கள். இரவில் நடப்பதைப் பார்த்தவர் அவர்தான்.