பி.காம் இறுதியாண்டு படிக்கிறேன். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் வேலைக்கு சி.எஃப்.ஏ., எஃப்.ஆர்.எம்., எஃப்.எம்.வி.ஏ. ஆகிய சான்றிதழ்ப் படிப்புகளில் எதைப் படிக்கலாம்?

எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள். 'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்' என்ற ஒரே பெயரைப் போட்டு இங்கே மூன்று விதமான வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒன்று டீல் வேலை: நிறுவனங்களை வாங்க, விற்க, ஐ.பி.ஓ. கொண்டுவர ஆலோசனை சொல்வது. இது பெரும்பாலும் மும்பையில். இரண்டாவது, வெளிநாட்டு வங்கிகளின் டீல் குழுக்களுக்கு இங்கிருந்தே காம்ப்ஸ் (ஒத்த நிறுவனங்களோடு மதிப்பை ஒப்பிடும் அட்டவணை), பிட்ச் புக் (வாடிக்கையாளருக்குக் காட்டும் விளக்கத் தொகுப்பு), மாடல் (நிறுவனத்தின் நிதிக் கணிப்பு) செய்து அனுப்பும் வேலை. பெங்களூரு, குருகிராம், சென்னையில் கிடைக்கும். மூன்றாவது ஆபரேஷன்ஸ்: டிரேட் செட்டில்மென்ட் (பணமும் பங்கும் கைமாறுவது), ரெகன்சிலியேஷன் (இரு பக்கக் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது), கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு), ஈவுத்தொகை, போனஸ் பங்கு போன்ற கார்ப்பரேட் ஆக்‌ஷன். சென்னையில் பி.காம் முடித்தவர்களைத் தேடி வரும் விளம்பரங்களில் நிறைய இந்த ரகம்தான்.

ஆபரேஷன்ஸ் போதும் என்றால் பெரிய சான்றிதழ் எதுவும் வேண்டாம். அதற்கென்று லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு டிரேட் நடந்ததிலிருந்து பணமும் பங்கும் கைமாறும் வரை என்னென்ன நடக்கிறது, எங்கே பிரேக் (இரு பக்கக் கணக்கும் ஒத்துப்போகாத இடம்) வருகிறது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும். இந்தியச் சந்தை 2023 ஜனவரியில் முழுவதுமாக டி+1க்கு, அதாவது டிரேட் நடந்த அடுத்த வேலை நாளிலேயே செட்டில்மென்ட் என்ற முறைக்கு, வந்துவிட்டது. அமெரிக்கா 2024 மே 28 முதல். தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு நாள் குறைந்துவிட்டதால் நேர்காணலில் இதைக் கேட்பார்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சீரிஸ் 7 தேர்வு குறைந்த செலவில் முடியும், பாடமும் இதே வேலைதான். ஆனால் ஆபரேஷன்ஸில் நுழைந்து பிறகு டீல் பக்கம் தாவிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அப்படி மாறுகிறவர்கள் மிகக் குறைவு.

டீல் வேலைக்கு இந்தியாவில் உண்மையான நுழைவாயில் இரண்டு: சி.ஏ., அல்லது முன்னணி ஐ.ஐ.எம். போன்ற இடத்து எம்.பி.ஏ. சி.எஃப்.ஏ. இவற்றுக்கு மாற்றாகாது. சி.எஃப்.ஏ. பாடத்திட்டம் முதலீட்டு மேலாண்மையை மனதில் வைத்து எழுதப்பட்டது. முதல் நிலையில் நெறிமுறைக்கு 15 முதல் 20 சதவீதம் மதிப்பெண். நிறுவன நிதிக்கு 6 முதல் 9 சதவீதம்தான். நிறுவனங்களை வாங்கி விற்பதுதான் உங்கள் தொழில் என்றால் இந்த விகிதமே பதில் சொல்லிவிடும். ஈக்விட்டி ரிசர்ச், ஃபண்ட் மேனேஜ்மென்ட், மேலே சொன்ன இரண்டாவது வகை வேலை ஆகியவற்றுக்கு சி.எஃப்.ஏ. நன்றாகப் பயன்படும்.

அதை எடுப்பதென்றால் சில விவரங்கள். பட்டப்படிப்பு முடிய 23 மாதத்துக்குள் இருந்தாலே முதல் நிலை எழுதலாம். நீங்கள் இப்போதே தகுதியானவர். 180 கேள்விகள், இரண்டு அமர்வு, மொத்தம் நாலரை மணி நேரம். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை நடக்கிறது. தேறுபவர்கள் பாதிக்கும் கீழ். ஒரு நிலைக்கு 300 மணி நேரப் படிப்பு என்பது வழக்கமான கணக்கு. மூன்று நிலைக்கும் கட்டணம் மட்டுமே மூவாயிரம் டாலரைத் தாண்டும். கால்குலேட்டர் டெக்சாஸ் பி.ஏ. 2 பிளஸ் அல்லது எச்.பி. 12சி, வேறெதற்கும் அனுமதி இல்லை. டெக்சாஸ் வாங்கினால் முதல் வேலையாகக் கணக்கிடும் முறையை மாற்றுங்கள். கடையிலிருந்து வரும் நிலையில் 2+3×4 என்று அழுத்தினால் 20 என்று காட்டும்!

எஃப்.ஆர்.எம். ரிஸ்க் துறைக்கானது. வங்கியின் மார்க்கெட் ரிஸ்க், கிரெடிட் ரிஸ்க் பிரிவுக்குப் போவதாக இருந்தால் எழுதுங்கள், டீல் வேலைக்கு வேண்டாம். சி.எஃப்.ஏ.வும் எஃப்.ஆர்.எம்.மும் சேர்ந்து வைத்திருந்தால் இரட்டைப் பலம் என்று நினைப்பது வீண். எது வேண்டும் என்றே தெரியாத ஆள் என்று நேர்காணல் எடுப்பவர் நினைக்கத்தான் அது உதவும்.

எஃப்.எம்.வி.ஏ. ஆன்லைனில் படித்து முடிக்கலாம். அதன் பயன் சான்றிதழில் இல்லை, அது கற்றுத்தரும் மாடலிங்கில் இருக்கிறது. அந்தத் திறமையைக் காசில்லாமலும் வளர்க்கலாம். பட்டியலிடப்பட்ட ஒரு நடுத்தர நிறுவனத்தின் ஐந்து ஆண்டு அறிக்கைகளை இறக்குங்கள். வங்கி, என்.பி.எஃப்.சி. (வங்கியல்லாத நிதி நிறுவனம்) வேண்டாம், அவற்றின் கணக்கு வேறு மாதிரி. லாப நட்டம், இருப்புநிலை, பணப்பாய்வு மூன்றையும் இணைத்து எக்செலில் மாடல் கட்டுங்கள், பிறகு டி.சி.எஃப். (வருங்காலப் பணப்பாய்வை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து நிறுவனத்தை மதிப்பிடுவது), பிறகு காம்ப்ஸ்.

வழக்கமாக எங்கே இடறும்? இருப்புநிலை சமப்படாமல் நிற்கும். நடப்பு மூலதன மாற்றத்தில் கூட்டல் கழித்தல் குறி தலைகீழாகப் போயிருக்கும், இல்லையென்றால் ஈவுத்தொகை ரிசர்வ்ஸிலிருந்து கழிபட்டிராது. வித்தியாசத் தொகையை ஒரு வரியில் தள்ளிச் சமப்படுத்தாதீர்கள். பார்ப்பவர் முதலில் அதைத்தான் தேடுவார். வட்டியைச் சராசரிக் கடன் மீது போட்டால், வட்டி கடனையும் கடன் வட்டியையும் சார்ந்து எக்செல் சுற்றிச் சுற்றி வரும், அதை அணைக்க 0/1 சுவிட்ச் ஒன்று வையுங்கள். காம்ப்ஸில் பலர் தவறவிடுவது குத்தகை. குத்தகைக்கான கணக்கியல் தரநிலையான இண்ட் ஏ.எஸ். 116 வந்த 2019 ஏப்ரலிலிருந்து வாடகையின் பெரும்பகுதி தேய்மானத்திலும் வட்டியிலும் போய்விட்டதால் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) பெரிதாகத் தெரியும். குத்தகைக் கடனை நிறுவன மதிப்பில் (பங்குகளின் சந்தை மதிப்பும் நிகரக் கடனும் சேர்ந்தது) சேர்க்காமல் அந்த எபிட்டாவால் வகுத்தால், கடை வைத்து நடத்தும் நிறுவனமெல்லாம் மலிவாகத் தோன்றும்.

இதைச் செய்து முடித்தவருக்கு நேர்காணலின் நிரந்தரக் கேள்வி தண்ணீர் பட்ட பாடு: தேய்மானம் 10 ரூபாய் கூடினால் என்னாகும்? வரி 25 சதவீதம் என்றால் நிகர லாபம் 7.50 குறையும், ரொக்கம் 2.50 கூடும், சொத்து 10 குறையும், ரிசர்வ்ஸ் 7.50 குறையும்.

மெர்ச்சன்ட் பேங்கரிடம் (ஐ.பி.ஓ. போன்ற வெளியீடுகளை நடத்தித் தரும் நிறுவனம்) போக நினைத்தால் என்.ஐ.எஸ்.எம். சீரிஸ் 9 எழுதிவிடுங்கள். 100 கேள்வி, இரண்டு மணி நேரம், தேற 60 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். கூடவே செபி தளத்தில் கிடக்கும் ஐ.பி.ஓ. வரைவு ஆவணங்களில் இரண்டையாவது எடுத்து, வெளியீட்டு விலைக்கான அடிப்படை என்ற பகுதியைப் படியுங்கள். அமெரிக்காவின் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் உரிமத் தேர்வான சீரிஸ் 79ஐப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், அங்குள்ள நிறுவனம் ஸ்பான்சர் செய்தால்தான் எழுத முடியும்.

உங்கள் நிலையில், சி.ஏ. இன்டர் ஏற்கெனவே முடித்திருந்தால் அதை விட்டுவிட்டு சி.எஃப்.ஏ. பக்கம் ஓடாதீர்கள். சி.ஏ. தொடவே இல்லை என்றால், இந்த ஆண்டு ஒரு மாடலும் சி.எஃப்.ஏ. முதல் நிலையும் முடித்து, இரண்டாவது வகை வேலையில் சேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தோடு ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதுவது நடக்கக்கூடிய வழி. முதல் நிலை தேறியதும் ரெஸ்யூமேயில் பெயருக்குப் பின்னால் சி.எஃப்.ஏ. என்று போடக் கூடாது. மூன்று நிலையும் தேறி, 4,000 மணி நேரப் பணி அனுபவம் காட்டிப் பட்டயம் வாங்கிய பிறகே அந்த உரிமை. அதுவரை கல்வித் தகுதியின் கீழ் 'சி.எஃப்.ஏ. புரோகிராம் முதல் நிலை தேர்ச்சி' என்று மாதம், ஆண்டோடு எழுதுங்கள்.