கடலில் படிந்த பாறையின் வயதை நுண்புதைபடிவங்களை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? எங்கள் கிருஷ்ணகிரிப் பாறைக்கும் இது பொருந்துமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: பொருந்தாது. நான் பர்கூர்க்காரன். அப்பா கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவர். நம் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறி மேலே வந்தவை. ஓடுள்ள உயிரே அப்போது உலகில் இல்லை. ஜிர்கான் என்ற சின்ன மணிக்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்துதான் அவற்றின் வயதைச் சொல்ல முடியும்.

கடல் படிவு பார்க்க அரியலூர், பெரம்பலூர் பக்கம் போக வேண்டும். எம்.எஸ்சி. ஜியாலஜி படித்தபோது அங்கே காரை என்ற ஊருக்குப் போனேன். மழை அரித்த களிமண் மேடுகள், வெயிலில் மின்னும் ஜிப்சம், நடக்கும்போதே காலில் இடறும் பெலம்னைட் (கணவாய் போன்ற பழங்கால உயிரின் புதைபடிவம்). ஒரு சரிவில் கீழிருந்து மேலாக, மீட்டருக்கு ஒரு பை என்று மண் எடுத்து வந்தோம்.

அந்த மண்ணை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டால் நுரைத்துக் குழைந்துவிடும். 63 மைக்ரான் சல்லடையில் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் அலசினால் களிமண் எல்லாம் போய், ராகி மாவு சலித்தபின் நிற்கும் தவிடு மாதிரி ஒரு சிட்டிகை மிஞ்சும். அதை உலர்த்திக் கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மணல் மணியென்று நினைத்தது அறை அறையாகச் சுருண்ட ஓடாகத் தெரியும். இவைதான் ஃபொராமினிஃபெரா, ஒரே செல் உயிரிகளின் ஓடுகள். ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும்.

ஓர் இனம் ஒருமுறைதான் தோன்றும், அழிந்தால் திரும்பாது. முறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. நீரில் மிதந்து வாழ்ந்த இனங்கள் கடல் கடந்து பரவியதால், காரையில் கிடைப்பதே ஐரோப்பாவிலும் கிடைக்கும். உதாரணம் ரொட்டாலிபோரா. தட்டையான சுருள், ஓரத்தில் ஒற்றை வரம்பு. கடலில் ஆக்சிஜன் குறைந்த ஒரு காலகட்டத்தில், சுமார் 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அது அற்றுப்போனது. ஆனால் அந்த எண்ணை ஓடு சொல்லவில்லை. ஓடு சொல்வது முன், பின் என்ற வரிசை மட்டும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இதே காலத்துக் கடல் அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் படிந்திருக்கிறது. அந்தச் சாம்பலில் உள்ள கனிமங்களை அளந்து கிடைத்த எண்தான் காரைக்கும் வருகிறது. பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது இன்னொரு சிக்கல். மேலடுக்குத் துண்டுகள் சரிந்து கீழ்மண்ணோடு கலந்துவிடும். அதனால் ஓர் இனம் எப்போது தோன்றியது என்பதை நம்பாமல், தோண்டும்போது முதலில் எந்த ஆழத்தில் கண்ணில் படுகிறது என்பதைக் குறிப்பார்கள். அதுதான் அந்த இனம் அழிந்த இடம்.

என் பைகளில் ரொட்டாலிபோரா ஓர் உயரத்தோடு நின்றது. அதற்கு மூன்று மீட்டர் மேலே எடுத்த பையில் திடீரென்று ஒன்றே ஒன்று. அந்த இனம் அழிந்த இடத்தைக் குறிக்கும் கோட்டினை மேலே நகர்த்திவிடலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பாடம் நடத்திய மேடம் கேட்ட முதல் கேள்வி, “பழைய அடுக்கு அரிச்சு வந்து சேர்ந்ததா இருக்குமோ?” செல்லாத 25 காசைக் கோயில் உண்டியலில் இன்றும் போடுகிறார்களே, அது போல. அப்படி அடித்து வந்திருந்தால் ஓரம் தேய்ந்திருக்கும். இதில் வரம்பு கூர்மையாக இருந்தது. நுண்ணோக்கியில் குனிந்தவர் சொன்னார்: “தம்பி, இது நீலமா இருக்கு பாரு.”

ஒவ்வொரு பையை அலசி முடித்ததும் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுப்பது வழக்கம். கண்ணியில் சிக்கிய பழைய ஓடு அடுத்த பையில் விழுந்தால் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். நான் முக்கினேன், ஆனால் பிரஷ் போட்டுச் சரியாகத் தேய்க்கவில்லை. பையில் மீதியிருந்த பாதி மண்ணை அன்று மாலையே மறுபடி ஊறப்போட்டேன். இரண்டு நாள் முழுக்கப் பொறுக்கியும் அதில் ரொட்டாலிபோரா ஒன்றுகூட இல்லை. கோடு பழைய இடத்திலேயே நின்றது.