சார்ஜர் பலகையும் சின்ன பேட்டரியும்

கேள்வி: நான் செய்த சின்ன ரேடியோவில் 250 மில்லிஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி. டிபி 4056 சார்ஜர் பலகையில் சார்ஜ் போட்டால் அதிலுள்ள சிப்பும் சுடுகிறது, பேட்டரியும் சுடுகிறது. பலகை பழுதா?

பதில்: பலகை நன்றாகத்தான் இருக்கிறது. சிப் சுடுவது அதன் சுபாவம். உள்ளே வரும் 5 வோல்ட்டில் பேட்டரிக்குப் போக மிஞ்சுவதை வெப்பமாகத்தான் கழிக்கும். பேட்டரி சுடுவதுதான் ஆபத்து. உடனே நிறுத்துங்கள், உப்பியிருந்தால் அந்தப் பேட்டரியை மறந்துவிடுங்கள்.

இந்தப் பலகைகள் பெரும்பாலும் 1 ஆம்பியருக்கு அமைத்தே வருகின்றன. உங்கள் பேட்டரியின் 250 என்ற கொள்ளளவோடு ஒப்பிட்டால் அது நாலு மடங்கு வேகம். சிப்பின் இரண்டாவது காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் குட்டி ரெசிஸ்டரை லென்ஸ் வைத்துப் பாருங்கள். '122' என்றிருந்தால் 1.2 கிலோ ஓம். அதை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வையுங்கள். மின்னோட்டம் ஏறக்குறைய 130 மில்லிஆம்புக்கு இறங்கிவிடும். சார்ஜாக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், ஆகட்டுமே.

அப்புறம், சார்ஜ் ஏறும்போது ரேடியோவைப் பாட விடாதீர்கள். மின்னோட்டம், அமைத்த அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் சிப் சார்ஜை நிறுத்தும். ரேடியோ இழுத்துக்கொண்டே இருந்தால் அதற்குக் கணக்குப் பிடிபடாது.