ஒப்பந்த வேலை நிரந்தரமானதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: ஏஜென்சி மூலம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து, 2023 ஜூனில் நிறுவனமே என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. ரெஸ்யூமேயில் ‘ஐ வாஸ் கன்ஃபர்ம்ட்’ என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். நம் ஊர் எச்.ஆர். வழக்கில் ‘கன்ஃபர்ம்ட்’ என்றால் புரொபேஷன் முடிந்துவிட்டது என்று பொருள். நீங்கள் முதல் நாளிலிருந்தே அந்த நிறுவனத்தின் ஆள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆனால் பி.எஃப்.புக்காக உங்களுக்குக் கொடுத்திருக்கும் யு.ஏ.என். எண்ணைப் பார்த்தால் முதல் இரண்டு வருட பி.எஃப். ஏஜென்சியின் கணக்கில் இருக்கும். அடுத்த நிறுவனம் சரிபார்க்கும்போது, உண்மையாக உழைத்த அந்த இரண்டு வருடமே சந்தேகத்துக்கு உள்ளாகும். அப்படி ஆகவே கூடாது.

‘ஐ வாஸ் மேட் பெர்மனென்ட் இன் ஜூன் 2023’ என்று எழுதுங்கள். எந்த நாட்டிலும் புரியும். இந்திய நிறுவனங்களுக்கு ‘அப்சார்ப்ட் ஆன் தி கம்பெனி ரோல்ஸ்’ இன்னும் துல்லியம். ஏஜென்சி ஊழியராக இருந்தவரை நிறுவனம் தன் ஆளாக்கிக்கொண்டது என்பது அதிலேயே வந்துவிடுகிறது. அமெரிக்க நிறுவனத்துக்கு என்றால் ‘கன்வர்ட்டட் ஃப்ரம் கான்ட்ராக்ட் டு ஃபுல் டைம்’ என்பார்கள். ‘ரெகுலரைஸ்ட்’ வேண்டாம். அது பெரும்பாலும் அரசுத் துறையில் தினக்கூலி, தற்காலிகப் பணியாளர்களைப் பணிவரன்முறை செய்வதற்கான சொல்.

வாக்கியத்தைவிட ரெஸ்யூமேயின் அமைப்பு முக்கியம். தொழிற்சாலையின் பெயரைத் தலைப்பாகப் போட்டு, அதன் கீழே இரண்டு வரி கொடுங்கள். முதல் வரியில் ‘கான்ட்ராக்ட், த்ரூ’ என்று எழுதி ஏஜென்சியின் பெயரும் காலமும். அடுத்த வரியில் ‘பெர்மனென்ட்’ என்று போட்டு 2023 ஜூனிலிருந்து. இதில் கூச்சப்பட எதுவுமே இல்லை. இரண்டு வருடம் வேலையைப் பார்த்த பிறகு எடுத்துக்கொண்டார்கள் என்பது நல்ல சான்றிதழ்தான்.

இன்னும் நிரந்தரம் ஆகாமல் விண்ணப்பம் எழுதப்போகிறவர்களுக்கும் ஒன்று: ‘கன்ஃபர்மேஷன்’ கேட்காமல் ‘ரிக்வெஸ்ட் ஃபார் பெர்மனென்ட் ஸ்டேட்டஸ்’ என்றே பொருள் வரியில் போடுங்கள். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல்தான் இருக்கிறது. ஏஜென்சி வழியாக வந்தவர்களுக்கு அது பொருந்துமா என்பதில் சிக்கல் உண்டு. அதனால் கடிதம் கொடுக்கும் முன் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் வழக்கறிஞரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.