முதல் வரி வராமல் தவிக்கிறேன்

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். இங்கே கட்டுரை எழுதும் வகுப்பில் என் முதல் கட்டுரை, ‘நீ சொல்ல வருவது என்ன?’ என்ற ஒரே குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. இப்போது அடுத்த கட்டுரைக்கு உட்கார்ந்தால் முதல் வரியை எழுதுவதும் அடிப்பதுமாகவே பொழுது போகிறது. எனக்கு எழுதவே வராதா? திரும்பி வந்த கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கட்டுரையை முழுக்கப் படித்தேன். உங்களுக்கு எழுத வரும். மூன்றாம் பத்தியைப் படித்த யாரும் இதைச் சொல்வார்கள்.

‘தூக்கம் மனித வாழ்வில் இன்றியமையாத ஒன்றாகும்’ என்று ஆரம்பிக்கிறீர்கள். அப்புறம் தூக்கத்தின் நன்மைகள். யார் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற இரண்டு பத்திகள். அதற்குப் பிறகு போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: ‘விடிய விடியப் படித்துவிட்டுப் போன தேர்வில் பதிவு எண்ணையே தப்பாக எழுதினேன்.’ அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாடம் மண்டையில் ஏறாது என்று தெரிந்தும் ஏன் விழித்திருந்தீர்கள்? படுத்தால் குற்றவுணர்வு வரும் என்பதாலா? மற்றவர்கள் விழித்திருந்தார்களே என்பதாலா? நீங்கள் அதைச் சொல்லாமலே அடுத்த நன்மைக்குப் போய்விட்டீர்கள். ஆசிரியர் கேட்டதும் அதைத்தான்.

‘தேர்வுக்கு முந்தின இரவு நான் விழித்திருந்தது படிப்புக்காக இல்லை, பயத்துக்காக’ என்பது உங்கள் விடை என்று வைத்துக்கொள்வோம். இதை ஒருவர் மறுக்கலாம், எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கலாம். கட்டுரைக்கு வேலை வந்துவிட்டது. முதல் இரண்டு பத்திகளையும் எடுத்துவிட்டு, பதிவு எண்ணிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.

முதல் வரியோடு மல்லுக்கட்டுவது உங்கள் ஒருவருடைய பிரச்சினை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் 10 பேர் எழுதும் விதத்தை ஆராய்ந்து மைக் ரோஸ் என்ற ஆய்வாளர் 1980இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பத்தில் 5 பேர் எழுத முடியாமல் முடங்கிப் போகிறவர்கள். திறமைக் குறைவு அதற்குக் காரணமாக இல்லை. ‘முதல் வரியிலேயே வாசகரை இழுத்துவிட வேண்டும்’, ‘ஒவ்வொரு வாக்கியமும் இலக்கணப் பிழையில்லாமல் வந்த பிறகே அடுத்தது’ என்பது போன்ற விதிகளை அவர்கள் இறுகப் பிடித்திருந்தார்கள். சரளமாக எழுதியவர்களிடமும் விதிகள் இருந்தன. ஒத்துவராதபோது அவற்றை விட்டுவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்களிடம் இருக்கும் விதி, முன்னுரையை முதலில் எழுத வேண்டும் என்பது. அதைக் கடைசியில் எழுதுங்கள். என்ன சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்த பிறகு அது வெகு சுலபம்.

முன்னுரை இல்லாமல் எப்படித் தொடங்குவது? பீட்டர் எல்போ என்ற பேராசிரியர் 1970களில் பரவலாக்கிய பயிற்சி ஒன்று உண்டு. 10 நிமிடம் கை நிற்காமல் எழுத வேண்டும். அடிக்கக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது. ஒன்றும் தோன்றவில்லை என்றால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதலாம். பெரும்பகுதி குப்பையாகத்தான் வரும், வரட்டும். முடித்ததும் உங்கள் பதிவு எண் வரியைப் போல ஒன்று எங்காவது கிடக்கிறதா என்று தேடி, அதன் கீழே கோடு போடுங்கள். அதைப் பற்றி இன்னொரு 10 நிமிடம்.

திருத்துவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், எழுதிய சூட்டிலேயே வேண்டாம். திருத்தும்போது சொற்களை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு பத்தியின் பக்கத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஒரு வரி குறித்து, அந்தக் குறிப்புகளை மட்டும் படித்துப் பாருங்கள். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் அதற்கும் பிறகு.

அரைகுறை வரைவோடு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், தயங்காதீர்கள். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். ‘நான் சொல்ல வருவது இதுதான், இந்தப் பத்தியில் அது தெரிகிறதா?’ என்று ஓர் இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.