காட்டுக் கழுதைப் படங்கள்: மங்கலும் பின்பக்கமும்

வணக்கம் நண்பரே. அமெரிக்காவின் அரிசோனாவில், ஓட்மேன் என்ற பழைய சுரங்க ஊரை ஒட்டிய பிளாக் மலைகளில் நண்பகலில் 400 மி.மீ. லென்ஸோடு காட்டுக் கழுதைகளைப் பின்தொடர்ந்தும், படமெல்லாம் மங்கல், பாதிப் படங்களில் கழுதையின் பின்பக்கம்தான் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு லென்ஸை விற்றுவிடாதீர்கள். மங்கலுக்குப் பெரும்பாலும் கானல்தான் காரணம். சுட்ட தரைக்கு மேல் காற்று அலையும்போது, தூரத்துப் படத்தில் எந்த லென்ஸும் தோற்கும். விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் போய்ப் பாருங்கள்.

பின்பக்கம் விழுந்ததற்குக் காரணம் நீங்கள் நடந்தது. குதிரை மிரண்டால் ஓடிவிடும். கழுதை பெரும்பாலும் முதலில் நின்று, இரண்டு காதையும் உங்கள் பக்கம் திருப்பி உற்றுப் பார்க்கும். அந்தச் சில நொடிதான் உங்கள் படம். இன்னோர் அடி வைத்தால் முதுகைத்தான் காட்டும். நானும் முதல் பயணத்தில் வாலாக எடுத்துத் தள்ளியவன்தான்! தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்து காத்திருங்கள். அவை வரும் வழியை மட்டும் மறிக்க வேண்டாம். வாயைச் சுற்றிய வெள்ளை வெயிலில் வெளிறிப்போகும், ஒளியளவைச் சற்றுக் குறையுங்கள்.

அப்புறம், கேரட் காட்டி அருகே வரவழைக்கலாமா என்ற கேள்வி. வேண்டவே வேண்டாம். ஓட்மேன் தெருவில் திரியும் கழுதைகள் சுரங்கக்காரர்கள் விட்டுப்போனவற்றின் வாரிசுகள். தீனிக்காக மனிதரை மொய்க்கும். அந்தப் பழக்கம் மலையில் இருப்பவற்றுக்கும் வந்தால், சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபடும். துரத்துவதும் கூடாது, 1971ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் இவற்றைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கிறது.